கார்டு மட்டும் போதுமா?

தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் பிள்ளைகள் பலர் இன்று சிறுதொழில் செய்கிறார்கள். ஒருவர் புல்வெட்டும் குத்தகை எடுக்கிறார். இன்னொருவர் நாலு பேரை வைத்துச் செம்பனைக் குலை அறுக்கிறார். ஒரு சகோதரி உதவிக்கு இரண்டு பெண்களை வைத்துப் பலகாரக் கடை நடத்துகிறார். நேற்றுவரை கூலி வாங்கியவர்கள் இன்று கூலி கொடுக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. நம்மிடம் வேலை செய்கிறவர் படுத்துவிட்டால் யார் பார்ப்பது?

இந்த நேரத்தில்தான் காப்புறுதி ஏஜண்ட் வருகிறார். "அண்ணே, ஆளுக்கு ஒரு மெடிக்கல் கார்டு போட்டுடலாம், தனியார் ஆஸ்பத்திரியிலேயே படுக்கலாம்" என்கிறார். கார்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சொக்சோ கட்டாமல் கார்டு வாங்குவது, கூரை போடாத வீட்டுக்குச் சாயம் பூசுவது மாதிரிதான்.

1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் முதலாளி அவரைச் சொக்சோவில் பதிய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள் பதிய வேண்டும். இது முதலாளியின் தயவு அல்ல, கடமை. வேலையில் அடிபட்டாலும், வேலைக்குப் போய்வரும் வழியில் விபத்து நேர்ந்தாலும் வைத்தியச் செலவு உண்டு. டாக்டர் நாலு நாளாவது லீவு கொடுத்தால் தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். உயிரே போய்விட்டால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். கார்டு ஆஸ்பத்திரி பில்லைத்தான் கட்டும். வீட்டில் அடுப்பு எரிவதற்கு அது வழி செய்யாது.

கடையில் மனைவிதானே வேலை செய்கிறாள், அவளுக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். 2018 ஜூலை முதல் கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் கட்டலாம். தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கும் வழி இருக்கிறது. 2017-இல் டாக்சி ஓட்டுநர்களோடு தொடங்கிய சுயதொழில் பாதுகாப்பு, 2020 முதல் அங்காடிக்காரர், விவசாயி என்று பல தொழில்களுக்கும் விரிந்தது.

இதற்குப் பிறகு கையில் காசு மிஞ்சினால் கார்டைப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் ஏஜண்டிடம் நாலு கேள்வி கேளுங்கள்.

1. ஏற்கெனவே சீனி வியாதி, இரத்த அழுத்தம் உள்ளவரைச் சேர்ப்பார்களா? நோயை மறைத்துச் சேர்ந்தால், பில் வரும் நாளில் கம்பெனி கையை விரித்துவிடும்.

2. காத்திருக்க வேண்டிய காலம் எவ்வளவு? பொதுவாக 30 நாள். சில நோய்களுக்கு 120 நாள்.

3. வருஷத்துக்கு எவ்வளவு வரை கட்டுவார்கள்? பில்லில் நம் பங்கு எவ்வளவு?

4. வேலையை விட்டுப் போனால் கார்டு என்ன ஆகும்? முதலாளி எடுக்கும் கூட்டுக் கார்டு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும்.

சந்தா இன்று இருப்பது போலவே என்றும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2024-இல் பலருக்குச் சந்தா தாறுமாறாக ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வை மூன்று ஆண்டுகளுக்காவது பரப்பி வசூலிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

கார்டு எடுக்க முடியாத சிறு முதலாளி வெட்கப்பட வேண்டியதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. எஸ்.டி.ஆர். உதவி பெறுகிற 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. காத்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் வைத்தியம் கிடைக்கும்.

தனக்கும் கணக்கப்பிள்ளைக்கும் பெரிய கார்டு எடுத்துவிட்டு, குலை அறுக்கிறவருக்குச் சொக்சோகூடக் கட்டாத முதலாளியைத்தான் நாம் ஒப்ப முடியாது. அவர் நம் இனத்தவராக இருந்தாலும், நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. குலையும் முள்ளும் விழுவது கணக்கப்பிள்ளையின் தலையில் அல்ல.

தோழர்களே, புது வேலைக்குப் போகும்போது "கார்டு இருக்கா?" என்று கேட்பதற்கு முன் "சொக்சோ கட்டுறீங்களா?" என்று கேளுங்கள். கூலி கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்ட தம்பி தங்கைகளே, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.