ஆனையிறவு புல்டோசரை ஏன் செய்தோம்

சிலாபத்தில் "தாங்கி செய்யிறோம்" என்று சொன்னால் தண்ணித் தாங்கியா என்று கேட்பார்கள். நாங்கள் செய்வது யுத்தத் தாங்கி. ஜப்பானின் டமியா கம்பனி 1960களில் பரப்பிய 1:35 அளவு. அந்த அளவில் ஒரு ஆள் 5 சென்டிமீட்டர் உயரம்தான். எங்கட கூட்டத்தில் மூன்று பேருக்கு இந்தப் பைத்தியம்.

இதுவரை செய்ததெல்லாம் ஜெர்மன் டைகர், ரஷ்ய டி-34. யாரோ ஒரு ஊர், யாரோ கொட்டின பனி. பனிக்குப் பேக்கிங் பவுடர் தூவிவிட்டு, தத்ரூபம் என்று நாங்களே மெச்சிக்கொள்வோம். செத்தது யார் என்று ஒரு தரமும் யோசித்ததில்லை. தூரத்து யுத்தம் அவ்வளவு சுகம்.

இந்த முறை ஏ9 வீதியோரம் ஆனையிறவில் நிற்கிற புல்டோசரைச் செய்தோம். 1991 ஜூலையில் ராணுவ முகாமைத் தாக்கப் புலிகள் அதுக்கு இரும்புத் தகடு போர்த்திக் கவச வாகனமாக்கினார்கள். ஜூலை 14ஆம் திகதி கோப்ரல் காமினி குலரத்ன கிரனேட்டோடு அதில் ஏறித் தடுத்தார், அதிலேயே இறந்தார். பரம வீர விபூஷணய பதக்கம் முதலில் கிடைத்தது அவருக்குத்தான். உள்ளே இருந்தவர்களின் பேர் எங்களுக்குத் தெரியாது. இந்த மாடலைத் தொடங்கும்வரை தேடியதும் இல்லை. அது எங்கட குறை.

தகடுக்கு ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டினோம். துருவுக்குத்தான் நேரம் போனது. முதலில் துரு நிறம் அடித்து, காய்ந்ததும் தண்ணி தொட்டு உப்புத் தூவி, அதுக்கு மேல் பெயின்ட். பிறகு பிரஷ்ஷால் உப்பைத் தட்டிவிட்டால், பெயின்ட் உரிந்த மாதிரி அடித்துரு தெரியும். ஆனையிறவே உப்பளம், நாங்கள் போட்டதோ குசினியில் இருந்த புத்தளம் உப்பு.

சண்டை நடந்த கணத்தைக் காட்டுவதா என்பதில் பெரிய வாக்குவாதம். பள்ளிக்கூடத்தில் காமினியின் கதையைக் கேட்டு வளர்ந்த சிங்கள நண்பன் ஒருவன் ஏணியில் அவர் வேணும் என்றான். எங்களில் ஒருத்தியின் மாமா குடும்பம் 2009இல் வன்னியில் இருந்தது. அவள், "அப்போ உள்ள இருந்தவங்களையும் செய், வெளியே எடுத்து வை" என்றாள். அவன் கோபிக்கவில்லை. ஆனா அன்றைக்கு டீ குடிக்காமலே போய்விட்டான்.

எங்கட அபிப்பிராயம் இதுதான்: மாடல் செய்பவர்கள் தகட்டின் தடிப்பை அளக்கிற கவனத்தில் பாதியையாவது அதுக்குள்ளும் வெளியிலும் இருந்த ஆட்களுக்குக் கொடுக்க வேணும். முடியாவிட்டால் கார் மாடல் செய்யட்டும். "விளையாட்டுச் சாமான்தானே" என்கிற பதிலை டைகருக்குச் சொல்லலாம், இதுக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

கடைசியில் இன்றைய காட்சியைத்தான் வைத்தோம்: துருப்பிடித்த புல்டோசர், பக்கத்தில் படம் எடுக்கிற சுற்றுலாக் குடும்பம், கொஞ்சம் தள்ளி சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகிற ஒரு பெண். நண்பன் அடுத்த கிழமை வந்தான். சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி வளைத்துக் கொடுத்தது அவன்தான். ஏணி மட்டும் இன்னும் ஒட்டாமல் டப்பாவில் கிடக்கிறது.