கடைக்குள் பகிர்வோம், தெருவுக்குப் பூட்டுவோம்

மளிகைக் கடைக்குத் தராசு எப்படியோ, இன்று இணைய இணைப்பும் அப்படியே ஆகிவிட்டது. யுபிஐ பணம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்கு ஏற்ற வேண்டும். தமிழகத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை அனுப்பினால் இ-வே பில் போட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய மொத்த வியாபாரி, மற்ற வியாபாரிகளுக்குச் சரக்குப் போடும்போது இ-இன்வாய்ஸ் எடுப்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். இதற்காகக் கல்லாவுக்கு ஒன்று, கிட்டங்கிக்கு ஒன்று, கணக்குப்பிள்ளையின் செல்போனுக்குத் தனி ரீசார்ஜ் என்று மாதாமாதம் பணம் கட்டுவது வீண் செலவு. ஒரு கடைக்கு ஓர் இணைப்பு போதும்.

சேத்தூர், ராஜபாளையம் பக்கத்தில் முன்கட்டில் கடை, பின்கட்டில் வீடு என்று இருப்பவர்கள் உண்டு. மோடம் வீட்டுக்குள் இருக்கும். கனத்த சுவரைத் தாண்டி வைஃபை கடைக்கு வராது. இதற்கு பில் போடும் மடிக்கணினியே வழி செய்கிறது. மோடத்திலிருந்து ஒரு கேபிளை இழுத்து மடிக்கணினியில் செருகுங்கள். விண்டோஸ் 10, 11 உள்ளவற்றில் செட்டிங்ஸில், நெட்வொர்க் பகுதியில், மொபைல் ஹாட்ஸ்பாட் என்று இருக்கும். கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பகிரச் சொல்லி, அதை ஆன் செய்தால் 8 கருவிகள் வரை இணையலாம். கணினி தூங்கிவிட்டால் இணைப்பும் நின்றுவிடும் என்பதால், சார்ஜரில் போட்டு, தூங்காதபடி மாற்றி வையுங்கள். கரண்ட் போனால் மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு, மோடத்துக்கு இல்லை. அதற்கு ஒரு சிறிய யுபிஎஸ் தேவை.

2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கியது பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. அதை எடுத்துத் துடைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கே வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதற்கும் பழைய விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பது, கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதற்குச் சமம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். “அண்ணாச்சி, நெட் கிடைக்கலை, உங்க பாஸ்வேர்டு சொல்லுங்க, பணம் அனுப்பிடுறேன்” என்று வாடிக்கையாளர் கேட்கிறார். நாமும் தாராளமாகச் சொல்லிவிடுகிறோம். இது ஆபத்து. 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டில் பூட்டாமல் இருந்த வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. போலீஸார் முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில்தான். நம் இணைப்பில் யார் எதைச் செய்தாலும் முதல் கேள்வி நம்மிடம்தான் வரும். ஆகவே கடவுச்சொல் கடைக்குள் மட்டும் இருக்கட்டும். சாவி வைத்திருந்த ஆள் வேலையை விட்டுப் போனால் பூட்டை மாற்றுவதுபோல, கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிட வேண்டும்.

வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்புவதா என்று கேட்பீர்கள். அதற்கு முறையான வழி உண்டு. மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் தந்த பி.எம். வாணி திட்டத்தில், சாதாரண மளிகைக் கடைக்காரரும் பொது வைஃபை நிலையம் நடத்தலாம். உரிமம் வேண்டாம், பதிவுக் கட்டணம் இல்லை. பயனாளரைச் சரிபார்ப்பதும் கணக்கு வைப்பதும் திரட்டு நிறுவனத்தின் பொறுப்பு. வருகிறவர் தம் செல்போன் எண்ணைக் கொண்டு செயலியில் பதிந்துகொள்வதால், யார் பயன்படுத்தினார் என்பதற்குக் கணக்கு இருக்கும். இப்படிப்பட்ட நிலையங்களுக்கு 200 எம்பிபிஎஸ் வரையிலான இணைப்புக்கு, வீட்டு இணைப்பைப்போல் இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று டிராய் 2025 ஜூனில் உத்தரவிட்டது. வீட்டு இணைப்பையே காசுக்கு விற்க நினைப்பவர்கள், இணைப்புத் தந்த நிறுவனத்தின் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

தொண்ணூறுகளில் கடைகளில் எஸ்டிடி பூத் வைத்தோமே, அதன் மறுபிறப்புதான் இது. போன் பேச வந்தவர் அரைக் கிலோ சர்க்கரையும் வாங்கிப் போனார். அந்நாளில் கிராமங்களுக்குத் தொலைபேசி இணைப்பகங்களை வடிவமைத்துத் தந்த, 1984-ல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம்தான் இன்று வாணி திட்டத்தின் மையப் பதிவேட்டையும் நடத்துகிறது. ஆனால் செல்போனில் டேட்டா மலிந்த இக்காலத்தில் இதில் பெரிய வருமானம் வரும் என்று நம்பி யாரும் முதல் போட வேண்டாம். சிக்னல் குறைந்த மலையடிவாரத்திலும், கூட்டம் கூடும் பஸ் நிலையங்களிலும், கோவில் வாசல்களிலும் கடை வைத்திருப்பவர்களுக்கே இது பலன் தரும்.

நம் சங்கம் இரண்டு காரியம் செய்யலாம். ஒரு மாலைக் கூட்டத்தில், விவரம் தெரிந்த உறுப்பினர் பிள்ளைகளைக் கொண்டு ஹாட்ஸ்பாட் அமைக்கக் கற்றுத் தரலாம். வாணி நிலையம் வைக்க விரும்புவோர் தனித்தனியே அலையாமல், சங்கத்தின் பேரில் ஒரே திரட்டு நிறுவனத்திடம் பேசலாம். கொள்முதலில் கூட்டாகப் பேரம் பேசத் தெரிந்த நமக்கு, இணைப்பிலும் அது முடியும்.