வீட்டுக் கொல்லையில் நெருப்பெறும்பு: பொடி தூவினால் போதுமா?

திருவல்லிக்கேணியின் பழைய வீடுகளில் திண்ணையும் முற்றமும் சுருங்கிப்போயினும், பின்கட்டில் ஒரு கிணறும், அதனருகே ஒரு வாழை அல்லது முருங்கையும், துளசி மாடமும், தொட்டிகளில் நாலைந்து கத்தரி, வெண்டைச் செடிகளும் இன்னும் பல இடங்களில் காணப்படுகின்றன. மழைக்காலம் கழிந்ததும் இக்கொல்லைகளுக்கு வந்து சேரும் உபத்திரவங்களில் நெருப்பெறும்பு முக்கியமானது. துணி உலர்த்தச் செல்வோரும், வெறுங்காலுடன் ஓடியாடும் குழந்தைகளும் அதனிடம் படும் பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. உடனே கடையிலிருந்து ஒரு விஷப்பொடி வருகின்றது. புற்றின் மேலும், சுவரோரத்திலும், கிணற்றைச் சுற்றியும் தாராளமாகத் தூவப்படுகின்றது. பத்து நாள் எறும்பைக் காணோம். பிறகு நாலடி தள்ளிப் புதிய புற்று எழும்புகின்றது. மறுபடியும் பொடி வருகின்றது.

இவ்வழக்கம் எறும்பை ஒழிப்பதில்லை என்பதும், குடிநீரையும் குழந்தைகளையும் அபாயத்துக்கு உள்ளாக்குகின்றது என்பதும், ஒரு வீட்டார் தனித்துச் செய்யும் வேலை தெருவார் கூடிச் செய்யும் வேலைக்கு ஈடாகாது என்பதும் யாவரும் கவனிக்க வேண்டிய விஷயங்களாம்.

முதலாவது, பகைவனை இன்னானென்று அறிதல் வேண்டும். கொல்லையில் ஊரும் எறும்பெல்லாம் நெருப்பெறும்பன்று. பிள்ளையார் எறும்பு என்று வீட்டார் கொல்லாமல் விடும் சிறு கருப்பெறும்பு ஒருவரையும் வருத்துவதில்லை. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டும் முசுறு, சிவந்த நிறமுடையதாயினும் வேறு இனமாம். அது மண்ணில் புற்று வைப்பதில்லை. நெருப்பெறும்போ வெயில் படும் திறந்த மண்ணில், பொடிமண்ணைக் குவித்து, பல வாய்களோடு புற்று வைப்பது. ஒரே புற்றில் சிறியதும் பெரியதுமாகப் பல அளவினவான எறும்புகள் இருக்கும்; அவற்றுள் பெரியவற்றின் தலை உடலுக்கு மிஞ்சிப் பருத்து, நடுவில் பிளவுபட்டது போல் தோன்றும். விதைகளை உடைத்துத் தின்பதற்கு அத்தலை உதவுகின்றது. புற்றை ஒரு குச்சியால் கிளறினால் நொடியில் நூற்றுக்கணக்கானவை குச்சியின் மேல் ஏறும். இவ்வடையாளங்கள் ஒருங்கே காணப்பட்டால் ஐயமின்றி அது நெருப்பெறும்பே.

இது இந்நாட்டுக்கு உரிய ஜந்துவன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களே இதன் தாயகம். 16-ஆம் நூற்றாண்டில் மெக்ஸிகோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் வழியாகவே இது கீழ்த்திசை நாடுகளுக்குப் பரவத் தொடங்கிற்று என்று 2015-இல் வெளியான மரபணு ஆராய்ச்சியொன்று கூறுகின்றது. சென்னை ராணுவத்தில் வைத்தியராயிருந்த ஜெர்டன் என்பார் 1851-இல் தென்னிந்திய எறும்புகளைப் பற்றிச் சென்னைச் சஞ்சிகையொன்றில் எழுதிய அட்டவணையிலேயே இது வேறொரு பெயரால் இடம் பெற்றுள்ளது. ஆகவே இது நேற்று வந்த விருந்தாளியன்று. நூறு வருஷங்களுக்கு மேல் வேரூன்றிய குடி. ஒரு பிடி பொடியால் இதனை வெளியேற்றிவிடலாமென்று எண்ணுதல் பேதைமையேயாகும்.

இதனால் விளையும் தீங்குகள் பல. எறும்புக்கடி என்று பெயரேயன்றி, உண்மையில் அது தாடையால் தோலைக் கவ்விக்கொண்டு, வாலிலுள்ள கொடுக்கினால் பலமுறை கொட்டுகின்றது. பெரும்பாலார்க்கு எரிச்சலும் தடிப்பும் தோன்றிச் சில நாட்களில் ஆறிவிடும். அபூர்வமாகச் சிலருக்கோ முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், தலைசுற்றல் முதலியன உண்டாகும். அத்தகையோரை வீட்டு வைத்தியத்தில் நிறுத்தி வைக்காமல், 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனை சேர்ப்பது அவசியம். செடிகளுக்கு வரும் கேடும் சிறிதன்று. நாற்றுப் பாத்தியில் விதைத்த சிறு விதைகளை இவை முளைக்குமுன்னே பொறுக்கிச் செல்கின்றன. மாவுப்பூச்சி, அசுவினி ஆகியவை சுரக்கும் இனிய நீருக்காக அவற்றைக் காவல் காக்கின்றன. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க 2010-இல் அயல்நாட்டிலிருந்து ஒரு சிறு குளவி தருவிக்கப்பட்டு, அதனால் பெரும் பலன் விளைந்ததைத் தமிழ்நாட்டுக் குடியானவர் அறிவர். மாவுப்பூச்சிக்கு எறும்பு காவல் நிற்கும் இடத்தில் இத்தகைய குளவிகளின் வேலை தடைப்படுகின்றது.

நியாயமாகச் சொல்லுமிடத்து, இதனிடம் நன்மையே இல்லையென்பதற்கில்லை. பிலிப்பைன்ஸ் தேசத்து நெல்வயல்களில் இவ்வெறும்பு பயிர்ப் பூச்சிகளின் முட்டைகளையும் புழுக்களையும் தின்று உதவுவது ஆராய்ந்து காணப்பட்டிருக்கின்றது. ஆயினும் வயல் வேறு, குழந்தை தவழும் கொல்லை வேறு.

இனி, பொடி ஏன் பலிப்பதில்லை என்பதைப் பார்க்கலாம். புற்றின் வெளியே திரிவன வேலைக்கார எறும்புகளே. அவை கூட்டத்தில் ஒரு பகுதியே ஆகும். முட்டையிடும் அரசி மண்ணினடியில் இருக்கின்றது. சில புற்றுகளில் பல அரசிகளும் உண்டு. மேலே தூவிய பொடி வெளியே வந்தவற்றைக் கொல்லும்; அரசியோ, கலக்கம் கண்டவுடன் மிஞ்சிய கூட்டத்தோடும் முட்டைகளோடும் வேறிடம் பெயர்ந்துவிடும். பத்து நாள் அமைதியின் இரகசியம் இதுவே. வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளினால் கோரை ஒழியுமா?

அத்துடன், தூவிய விஷம் எங்கே போகின்றது என்பதைச் சிந்திப்பார் அரியர். திருவல்லிக்கேணி கடலை அடுத்த மணற்பாங்கான பூமி. இங்கு மேலே விழுந்தது எளிதில் கீழே இறங்கும். 2003-இல் தமிழ்நாடெங்கும் கட்டிடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்நற்செயலால் கூரையிலும் முற்றத்திலும் விழும் மழை குழிவழியே நிலத்தடிக்குச் செல்கின்றது. முற்றத்தில் விஷம் கிடந்தால் அவ்விஷமும் அவ்வழியே செல்லக் கூடும். ஆண்டில் ஆறு தடவை பொடி தூவிவிட்டுக் கார்த்திகை மழையில் கிணறு நிறைவது கண்டு மகிழும் வீட்டார், எதனோடு சேர்ந்து நிறைகின்றது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முற்காலத்தில் வீடுதோறும் கமாக்ஸின் என்று வழங்கிய பி.எச்.சி. பொடி நெடுநாள் மண்ணில் அழியாது தங்குவதாலும், உடம்பின் கொழுப்பில் சேர்வதாலும், 1997-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதன் இனமான லிண்டேனும் 2013-இல் தடைக்குள்ளாயிற்று. பழைய டப்பாவில் மிச்சமுள்ள பொடியையோ, பெயர்ச்சீட்டில்லாமல் விற்கும் பொடியையோ எவரும் தொடலாகாது. எழுதுகட்டி வடிவில் விற்கும் எறும்பு மருந்தைப் பள்ளிப் பிள்ளைகள் பலப்பமென்று எண்ணி வாயில் வைப்பதும் உண்டாகையால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதற்கு இடமே கொடுக்கலாகாது.

விஷத்தை வாரியிறைப்பதன் பலனைப் பெரிய அளவில் அனுபவித்துப் பார்த்த தேசம் அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கே தென்னமெரிக்காவிலிருந்து வந்த இதன் நெருங்கிய உறவான செந்நெருப்பெறும்பை ஒழிக்க 1957 முதல் ஹெப்டகுளோர், டயல்ட்ரின் முதலிய விஷங்கள் ஆகாய விமானத்திலிருந்து லட்சக்கணக்கான ஏக்கரில் தூவப்பட்டன. பறவைகளும் சிறு பிராணிகளும் மாண்டன, நெருப்பெறும்பு மாளவில்லை. அந்நிலங்களில் முன்பிருந்த உள்நாட்டு எறும்புகளும் செத்தொழிந்தமையால் போட்டியில்லாத இடத்தில் அது முன்னிலும் விரைவாகக் குடியேறிற்று. இதிலிருந்து பெறும் பாடம் நம்மூர்க் கொல்லைக்கும் பொருந்தும். இறகுதிர்ந்து புதிதாகப் புற்று வைக்க வரும் நெருப்பெறும்பின் அரசியைப் பிடித்துத் தின்று காவல் புரிபவை பிற எறும்புகளேயாம். பிள்ளையார் எறும்பைக் கொல்லலாகாது என்று பாட்டிமார் கூறிவந்தது பக்தியால் மாத்திரமே ஆயினும், அதன் பயன் விஞ்ஞானத்துக்கு ஒத்ததேயாகும்.

ஆகையால் செய்யத்தக்க முறை யாதெனின், எறும்பைத் துரத்தாமல், அதன் கையாலேயே மெல்லக் கொல்லும் மருந்தை அரசிக்கு அனுப்புதல். வேலைக்கார எறும்பு தான் உண்டதைக் கக்கி மற்றவற்றுக்கு ஊட்டும் வழக்கமுடையது. அரசியும் அவ்வாறே ஊட்டப்படுகின்றது. மருந்து கடுமையாயிருப்பின் சுமந்து செல்லும் எறும்பு வழியிலேயே சாகும். மெதுவானதாயிருப்பின் அரசி வரை சேரும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் போரிக் அமிலம் இதற்கேற்றது. 100 மில்லி லிட்டர் வெந்நீரில் 1 கிராம் போரிக் அமிலமும் 10 கிராம் சர்க்கரையும் கரைத்து ஆறவிட்டு, பஞ்சில் நனைத்து, மூடியில் துளையிட்ட சிறு டப்பாவுக்குள் வைத்து, எறும்புச் சாரிக்கு அருகே நிழலில் வைக்க வேண்டும். அளவைக் கூட்டினால் பலன் கூடுமென்று எண்ணுவது தவறு. கூட்டினால் எறும்பு தொடாது, அல்லது விரைவில் செத்துவிடும். சர்க்கரையை நாடாத கூட்டத்துக்கு, எண்ணெய்ப் பசையுள்ள வறுத்த வேர்க்கடலை விழுதில் அவ்வமிலத்தை நூற்றுக்கு ஒரு பங்கு கலந்து வைக்கலாம். இதுவும் மருந்தேயாகையால் குழந்தைகள், பூனை, கன்று ஆகியவற்றுக்கு எட்டாதபடி காப்பது வீட்டாரின் பொறுப்பு.

முதல் இரண்டு நாள் டப்பாவைச் சுற்றி எறும்பு மிகுதியாக மொய்க்கும். அதைக் கண்டு அஞ்சிப் பொடி தூவினால் வேலை முழுவதும் கெடும். இரண்டு மூன்று நாளைக்கொரு முறை புதுக் கரைசல் ஊற்றி, மூன்று நான்கு வாரம் பொறுத்திருத்தல் வேண்டும். அதன்பின்னும் எஞ்சி நிற்கும் புற்றுகளுக்கு, செடியின் வேர் இல்லாத இடமாயின், குளிர்ந்த காலை வேளையில் ஏறக்குறைய 10 லிட்டர் கொதிநீரை மெதுவாக ஊற்றலாம். அவ்வேளையில் இளம் சூட்டை நாடி முட்டைகளும் அரசியும் மேலே வந்திருக்கக் கூடும். ஒரு முறையில் ஒழியாத புற்றுக்கு மறுமுறையும் ஊற்ற நேரிடும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஊற்றுவது நெருப்புக்கும் மண் கேட்டுக்கும் வழி. உப்புக் கொட்டினால் செடி சாகும். மஞ்சளும் பெருங்காயமும் எறும்பின் பாதையை மாற்றுமேயன்றிப் புற்றை அழியா. இவற்றோடு, சாப்பாட்டு மிச்சத்தைக் கொல்லையில் கொட்டாமை, மாவுப்பூச்சி பற்றிய கிளைகளைச் சோப்பு நீரால் கழுவுதல், சுவரைத் தொடும் கிளைகளை நறுக்குதல் என்னும் மூன்றும் கூடினால் எறும்புக்கு இரை குறையும்.

எறும்புக்கும் பசியுண்டு, அரிசிமாக் கோலமிட்டு அதற்கு உணவளிப்பதன்றோ தர்மம் என்று கூறுவாரும் உளர். அத்தர்மத்துக்கு இம்முறையால் யாதொரு குறைவும் இல்லை. கண்டதையெல்லாம் கொல்லும் பொடியைக் காட்டிலும், துன்பம் செய்யும் ஓரினத்தின் புற்றருகே மட்டும் வைக்கும் மருந்தினால் உயிர்ச்சேதம் மிகக் குறைவே. இன்னும் சிலர், இதெல்லாம் மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை என்பர். தெருவுக்கும் பூங்காவுக்கும் அது பொருந்தும். பூட்டிய கதவுக்குப் பின்னுள்ள கொல்லைக்கு வீட்டுக்குடையவரும் குடியிருப்போருமே பொறுப்பாளிகள். வாடகை வீடு தானே என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பதால் வளர்வது எறும்பு ஒன்றே.

சுவருக்குச் சுவர் ஒட்டிய மாட வீதிச் சந்துகளில் ஒரு வீட்டின் புற்று மறு வீட்டின் புற்றேயாகும். ஒருவர் மருந்து வைக்க, அடுத்தவர் பொடி தூவினால், எறும்பு இங்குமங்கும் குடி மாறுமேயன்றிக் குறையாது. கூட்டுறவு என்பது இவ்வூருக்குப் புதிதன்று. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இலேயே இங்குத் தோன்றி, அரிசி பருப்பை நியாய விலைக்கு வாங்க ஜனங்கள் ஒன்றுகூடலாம் என்பதைக் காட்டிற்று. அரிசி பருப்புக்குக் கூடியவர்களின் பேரப் பிள்ளைகள் கிணற்றுக்காகவும் குழந்தைகளுக்காகவும் கூடுதல் அரிதாகுமோ? மழை ஓய்ந்து மண் உலரும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, ஒரு சந்திலுள்ள வீடுகளெல்லாம் அன்றே டப்பா வைக்கத் தொடங்கி, நான்கு வாரம் எவரும் பொடி தூவாதிருப்பதென்று உடன்படுதல் வேண்டும். பொறுப்பாக ஒருவர் வாரந்தோறும் சென்று பார்த்துக் குறிப்பெழுதி, ஆடி பிறக்குமுன் எஞ்சிய இடங்களுக்கு இரண்டாம் முறை மருந்து வைக்கச் செய்யலாம். ஒரு சந்துக்கு ஆகும் செலவு, அவ்வீட்டார் ஒவ்வொருவரும் ஓராண்டில் பொடிக்குக் கொடுக்கும் பணத்தைக் காட்டிலும் மிகச் சொற்பமே. கிணற்று நீரை இழந்தபின் அதைத் திரும்ப வாங்கும் கடை எங்கும் இல்லை.