கடுவனோ, பெட்டையோ?

எங்கள் ஊரில் நாய்க்குட்டி தருகிறேன் என்று யாரும் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "கடுவனோ, பெட்டையோ?" என்பதுதான். கடுவன் என்றால் பிறந்த அன்றே கேட்டு வைக்க ஆள் வரும். பெட்டை என்றால் உரப்பையில் கட்டி, சந்தையடியிலோ சுடலை ஒழுங்கையிலோ இரவோடிரவாக விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். போன கிழமை எங்கள் ஒழுங்கை முடக்கில் அப்படி மூன்று குட்டிகள் கிடந்தன. மூன்றும் பெட்டை. கண்கூடத் திறக்கவில்லை. கண் திறக்கப் பத்துப் பதினாலு நாள் செல்லும். அதுவரை தாயின் சூடு இல்லாமல் குட்டி தப்புவது கடினம். இரண்டு செத்துவிட்டன. மற்றது, இதை எழுதும்போது என் கதிரைக்குக் கீழே பழைய சாரத்துண்டில் சுருண்டு கிடக்கிறது.

எனக்குப் பெட்டை நாய்தான் விருப்பம். அந்த விருப்பம் இடம்பெயர்வோடு வந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கள் ஊர் மானிப்பாயும் மழையோடு மழையாக எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அப்பா மாட்டையும் ஆடுகளையும் அவிழ்த்துவிட்டார். அம்மா இரவுக்கு வடித்த சோற்றைப் பானையோடு குசினிக்குள் வைத்து, கதவைப் பூட்டாமல் வந்தார். பூனை அடுப்படியை விட்டு அசையவில்லை. எங்கள் கடுவன் வீமன் பின்னாலேயே வந்தான். நாவற்குழிப் பாலத்தடியில் காலை எடுத்து வைக்க இடமில்லாத சனம். சைக்கிள் கரியரில் இருந்த தங்கச்சி "வீமன், வீமன்" என்று கூப்பிட்டபடியே இருந்தாள். விடியக் கைதடியில் பார்த்தபோது அவன் இல்லை.

1996 சித்திரையில் சனம் திரும்பத் தொடங்கியது. நாங்களும் வந்தோம். படலை இல்லை, வளவு முழுக்கப் பற்றை. குசினிக்குள் அப்பா காலை வைக்க ஒரு உறுமல் கேட்டது. விலா எலும்பை எண்ணக்கூடிய ஒரு பெட்டை நாய். யார் வீட்டு நாயோ தெரியாது. அடுப்புச் சாம்பலுக்குள் நாலு குட்டிகளை அணைத்துக்கொண்டு கிடந்தது. ஆறு மாதம் ஆளில்லாத ஊரில் எதைத் தின்று உயிரைப் பிடித்து வைத்திருந்ததோ! எங்கள் வீட்டுக்குள் எங்களையே விடமாட்டேன் என்று நின்றது. அப்பா பொல்லெடுக்கவில்லை. அம்மா முற்றத்தில் மூன்று கல்லை வைத்து உலை ஏற்றினார். குட்டிகள் தாமாக வெளியே வரும்வரை எங்களுக்கு முற்றத்தில்தான் சமையல். முதல் கஞ்சியில் ஒரு சிரட்டை அந்த நாய்க்குப் போனது. பிறகு ஒன்பது வருடம் எங்களோடு இருந்தது.

இப்போது வெளிநாட்டு இன நாய்கள் பல வளவுகளுக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும்; தாய் தகப்பன் இங்கே தனிய. கள்ளர் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அடர்ந்த மயிரோடு, சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கூட்டுக்குள் நின்று இளைக்கும் அல்சேஷனைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஊர் நாய் வேப்ப மரத்தடியில் மண்ணைக் கிளறி, கீழ் ஈரத்தில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

பெட்டையை வேண்டாம் என்பவர்கள் குட்டிகளைத்தான் காரணம் காட்டுகிறார்கள். நியாயம்தான். சினை இரண்டு மாதம். வருடத்தில் இரண்டு தரமும் குட்டி போடும். ஊர்க் கடுவனெல்லாம் படலையடியில் கடிபடும். இதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை இருக்கிறதே! உரப்பையில் கட்டி எறிந்த குட்டி தப்பிப் பிழைத்தால் ஊசி போடாத தெருநாயாக வளரும். ரியூசனுக்குப் போகும் பிள்ளையைக் கடிக்கும். விசர்நாய்க்கடி நோயின் குணம் வெளியே தெரிந்துவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். கடிபட்டால் உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

உங்கள் வீட்டு நாய் இம்முறை குட்டி போட்டால், பெட்டைக் குட்டிகளையும் இரண்டு மாதம் தாயோடு விடுங்கள். பிறகு தாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கேட்டு வர ஒருவரும் இல்லாவிட்டால், ஒரு பெட்டையையாவது நீங்களே வைத்து வளருங்கள்.