பேஸ் வேணுமா? வாட்ஸை விடுங்க, பொட்டியைப் பாருங்க!

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோவில் பின்சீட் கிடைத்தால், பாட்டு காதில் விழும் முன்பே முதுகில் அடிக்கும். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சப்வூஃபர் செய்யும் வேலை. கானாவுக்கு அந்த அதிர்வு இல்லாவிட்டால் உப்பில்லாத மீன் குழம்புதான்.

ஆனால், பேஸ் போதவில்லை என்றதும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் இன்னும் பெரிய ஆம்ப் வாங்குறோமே, அது வீண் செலவு. காசு போக வேண்டியது பொட்டிக்கும் ஒயருக்கும்.

பொட்டி எதுக்கு?

ஊஃபரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரம், பின்னால் காற்றை இழுக்கும். இரண்டு அலைகளும் கலந்தால் ஒன்றையொன்று காலி செய்துவிடும். அதைத் தடுக்கத்தான் பொட்டி. மூடிய பொட்டியில் அடி 'நச்'சென்று இருக்கும். போர்ட் வைத்த பொட்டியில் அதே ஆம்புக்கு சத்தம் கூடும். ஆனால், பொட்டியின் கொள்ளளவும் போர்ட்டின் நீளமும் அந்த ஊஃபருக்கான கணக்குப்படி இருக்கணும். கடலோர ஈரத்தில் சாதாரண எம்.டி.எஃப் பலகை ஊதிவிடும். வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் பாதுகாப்பு.

ஒயரிங்கில் கவனிக்க...

4 ஓம் ஊஃபர் இரண்டை பேரலலில் இணைத்தால் 2 ஓம். சீரிஸில் 8 ஓம். '4 ஓமுக்குக் கீழே கூடாது' என்று போட்டிருக்கும் ஆம்பில் பேரலல் கொடுத்தால், சூடேறிப் புகைந்துவிடும். ஒரு ஊஃபரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினாலும் பேஸ் காணாமல் போகும். ஆம்ப் வீக் என்று முடிவு கட்டும் முன் இதைப் பாருங்க.

12 வோல்ட் பேட்டரியில் 500 வாட்ஸ் எடுக்க 40 ஆம்பியருக்கு மேல் கரண்ட் ஓடும். மெல்லிய ஒயர் அதைத் தாங்காது. ஃப்யூஸை ஆம்ப் பக்கம் மட்டும் போட்டால் போதாது, பேட்டரிக்குப் பக்கத்திலும் வேணும். நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பாற்றுவது அதுதான். கேஸில் ஓடும் ஆட்டோவில் இது உயிர் விஷயம்.

பக்கத்து வீட்டுச் சுவர்

வீட்டு ஊஃபருக்கும் பொட்டிக் கணக்கு இதேதான். கூடவே அக்கம்பக்கத்துக் கணக்கும் உண்டு. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இந்த அளவீடு மனிதக் காதை ஒட்டியது. 50 ஹெர்ட்ஸ் பேஸை சுமார் 30 டெசிபல் குறைத்தே கணக்கிடும். மீட்டர் 'ஓகே' சொன்னாலும், பக்கத்து வீட்டில் பாத்திரம் அதிரலாம்.

ராயபுரத்துச் சந்துகளில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். அந்தப் பக்கம் துறைமுகத்திலோ எண்ணூரிலோ நைட் ஷிஃப்ட் முடித்த ஒருத்தர் பகலில் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஒழுங்கான பொட்டி இருந்தால் குறைந்த வால்யூமிலேயே அடி கிடைக்கும். நம்ம பாட்டும் கெடாது, அவர் தூக்கமும் கெடாது.