வண்டியே வீடாகும் இரவில்

திருப்பாலைக்குடிக் கடற்கரையின் வெம்மையில் வளர்ந்த நமக்குக் கொடைக்கானல் குளிர் கடுமையானதே. வேனிலேயே இரவைக் கழிக்க நேரும் குடும்பங்கள் வெதுவெதுப்பை நாடுவதும் இயல்பே. ஆயினும் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவடைத்தல் ஆகாது. கனலும் கரியினின்று எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை எழுப்பாமலே உயிரைப் பறிக்கும். நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு உறங்கினும் அதே ஆபத்து உண்டு.

எரிவாயு அடுப்போ? 26.8.2023 அன்று விடியற்காலையில், மதுரையில் நின்றிருந்த சுற்றுலா இரயில் பெட்டிக்குள் எரிவாயு உருளையால் மூண்ட தீயில் 9 பேர் மாண்டனர்.

ஆதலால் அடுப்பை வண்டிக்கு வெளியே, எட்டத்தில் மூட்டுவோம். சூடாகக் கஞ்சி அருந்தி, கம்பளி போர்த்தி, சன்னலைச் சிறிது திறந்துவைத்து உறங்குவோம். பயணத்திற்கு மூட்டை கட்டும்போதே, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போர்வை எடுத்துவைத்தோமா எனப் பெற்றோர் பார்த்துக்கொள்வோமாக.