பழைய காருக்குப் புது வீல்: கண்ணுக்கா, கணக்குக்கா?

புதுச்சேரி மிஷன் வீதியில் ஒரு பழைய அம்பாசடர் போனால் இன்றைக்கும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதே வண்டி அகலமான அலாய் வீல் மாட்டிக்கொண்டு, டயர் மட்கார்டுக்கு வெளியே பிதுங்கியபடி போனால் எட்டு பேர் பார்ப்பார்கள். அந்தக் கூடுதல் நாலு பேருக்காக வண்டிக்காரர் கொடுக்கும் விலை என்ன? கடைக்காரர் தரும் பில்லில் அது முழுதாக இருக்காது. பாக்கி விலை 'ஆஃப்செட்' என்ற ஒரு சின்ன எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் ஆஃப்செட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ரிம்மின் அகலத்தில் சரிபாதியில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ரிம் ஹப்பின் மேல் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் தெருப்பக்கம் தள்ளி இருந்தால் பிளஸ். வண்டியின் உள்பக்கம் இருந்தால் மைனஸ். கோட்டின் மேலேயே இருந்தால் பூஜ்யம். அலாய் வீலில் 'ஈ.டி. 35' என்பதுபோல் பொறித்திருப்பது இந்த எண்தான். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும், கூடக்கூட உள்ளே போகும். அவ்வளவுதான் விஷயம்!

இப்போது ஒரு உதாரணக் கணக்கு. பழைய ரிம் 4 அங்குல அகலம், ஆஃப்செட் பிளஸ் 25 என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில் 6 அங்குல ரிம், அதே பிளஸ் 25-ல் போட்டால், உள்ளே ஒரு அங்குலம், வெளியே ஒரு அங்குலம் (25.4 மி.மீ.) கூடும். அதே 6 அங்குல ரிம் பூஜ்ய ஆஃப்செட்டில் வந்தால்? உள்பக்கம் ஏறத்தாழ பழைய இடத்திலேயே நிற்கும். வெளிப்பக்கம் மட்டும் 50 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொள்ளும். பார்க்க கம்பீரம்தான். ஆனால் அந்த 50 மி.மீ.யை யார் தாங்குவது?

ஹப்பின் பேரிங்குகள்தான் தாங்க வேண்டும். முன்சக்கரத்தில் உள்ளே ஒரு பேரிங், வெளியே ஒரு பேரிங் என்று வைத்து, வண்டியின் எடை இந்த இடத்தில் இறங்கவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் தயாரிக்கிறார்கள். சக்கரம் வெளியே நகர்ந்தால் அந்த எடை நெம்புகோல்போல் வேலை செய்கிறது. ஸ்டியரிங்குக்கும் இதே கதிதான். சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது டயரின் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளித் தரையைத் தொடும். இந்த இடைவெளி கூடினால் ஒவ்வொரு பள்ளமும் நேராகக் கைக்கு வரும். முன்னால் டிரம் பிரேக் உள்ள, பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டியில் இது இன்னும் மோசம். இரண்டு டிரம்மும் எப்போதும் ஒரே அளவில் பிடிக்காது. ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் பிடித்தால், இடைவெளி பெரிதாக உள்ள வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும்போது இந்த இழுப்பு விளையாட்டான விஷயம் இல்லை.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. இன்றைய முன்சக்கர இழுவைக் கார்களின் வீல்கள் பெரும்பாலும் 35, 40, 45 என்று கூடுதல் ஆஃப்செட்டில் வருகின்றன. 'நட்டு ஓட்டை பொருந்திவிட்டது, மாட்டு' என்று அதைப் பழைய வண்டியில் போட்டால் சக்கரம் உள்ளே போய் ஸ்டியரிங் ராடிலோ பின்னால் பட்டை ஸ்பிரிங்கிலோ உரசலாம். உடனே நடுவில் ஸ்பேசர் தட்டு வைப்பார்கள். 20 மி.மீ. தட்டு என்றால் ஆஃப்செட்டில் 20 குறையும், கணக்கு சரிதான். ஆனால் ஸ்டட் அதே பழைய நீளம் என்றால் நட்டு பிடிக்கும் மரை குறைந்துபோகும். தட்டு வைக்கிறவர்கள் நீள ஸ்டட்டும் போடவேண்டும்.

'அதற்காக நைலான் டயரையே கட்டிக்கொண்டு அழவேண்டுமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அம்பாசடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14 என்ற பழைய அளவுகளே வேதவாக்கு இல்லை. ரேடியல் போடலாம், கொஞ்சம் அகல ரிம்மும் போடலாம். ஒரே நிபந்தனை: டயரின் நடுக்கோடு பழைய இடத்திலேயே இருக்கவேண்டும். அதாவது ஆஃப்செட்டை மாற்றாமல் அகலத்தை மட்டும், உள்ளே இடம் இருக்கும் அளவுக்கு மாற்றுவது. அளப்பதும் சுலபம். ரிம்மைக் கவிழ்த்து, பின் விளிம்பின் மேல் ஒரு நேர்ச்சட்டம் வைத்து, ஹப் முகம் வரை அளக்கவேண்டும். அதிலிருந்து ரிம்மின் வெளி அகலத்தில் பாதியைக் கழித்தால் ஆஃப்செட். வெளி அகலம் என்பது விளிம்புகளையும் சேர்த்தது. சொல்லப்படும் அகலத்தைவிட சுமார் ஒரு அங்குலம் கூட இருக்கும்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் புரியும்படி சொன்னால், வீலின் விலை ஒருமுறைச் செலவு. பேரிங், ஸ்டியரிங் மூட்டுகள் எல்லாம் தொடர்செலவு. அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தில் நின்றுபோனது. தயாரிப்பு நின்ற வண்டிக்கு உதிரிபாகம் தேடுவது வருடத்துக்கு வருடம் கஷ்டமாகும். இருக்கிற பாகத்தை வீணாகத் தேயவைப்பது கெட்ட நிர்வாகம்.

மதிப்புக் கணக்கும் உண்டு. 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தயாரிப்பே இல்லாத காரின் பெயருக்கே அவ்வளவு என்றால், அசலாக நிற்கும் வண்டிக்கு ஒரு மதிப்பு இருக்கத்தானே செய்யும்? 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய கார்கள் 'வின்டேஜ்' என்று தனிப் பதிவெண் பெறலாம். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் உருவில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. வீலைக் கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம். அகல டயருக்கு இடம் வேண்டும் என்று வெட்டிய மட்கார்டை என்ன செய்வது? உப்புக்காற்று அடிக்கும் ஊரில் வெட்டிய இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும் :)

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடையில் மூன்று எண்களைக் கேளுங்கள்: ரிம் அகலம், ஆஃப்செட், நட்டு வட்டத்தின் அளவு. பழைய ரிம்மின் அதே மூன்று எண்களைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். 'பார்க்க நல்லா இருக்கும் சார்' என்பது மட்டுமே கடைக்காரரின் பதில் என்றால், வேறு கடைக்குப் போவதே லாபம்.